தாத்தா வயலைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எழுதி வைப்பது: செட்டில்மெண்டா, உயிலா, பாகமா?

கன்னடியன்கால்:

வணக்கம். கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு குடும்பத்துச் சொத்தைப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாற்ற வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சொத்து மூன்று. நஞ்சை 1 ஏக்கர் 62 செண்டு, கன்னடியன் கால்வாய்ப் பாசனம், கார், பிசானம் என்ற இரு நெல் போகமும் விளைகிற வயல். இது தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா 1971-இல் உயில் எழுதாமல் காலமானார், பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பிறகு பட்டா அப்பா பெயரில் மட்டும் வந்திருக்கிறது. அடுத்தது புஞ்சை 85 செண்டு, கிணறும் இலவச மின் இணைப்பும் உண்டு, அப்பா 1994-இல் கிரையம் வாங்கியது. மூன்றாவது ஊருக்குள் வீடு, அப்பா கட்டியது, நத்தம் பட்டாவும் அவர் பெயரில்தான்.

ஆட்கள்: அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. மூத்த மகன் 1975-இல் பிறந்தவர், ஊரில் இருந்து வயலைப் பார்க்கிறார். மகளைத் தென்காசியில் கொடுத்திருக்கிறது. இளைய மகன் இங்கிலாந்தில், யார்க்ஷயர் கிராமப் பக்கம் 12 வருடமாக இருக்கிறார், இந்தியப் பாஸ்போர்ட்தான். பேரப்பிள்ளைகள் 5 பேர், அதில் 3 பேர் மைனர். அப்பா கூடப் பிறந்த அத்தைமார் இருவர். மூத்த அத்தை இறந்துவிட்டார், அவருக்கு 4 பிள்ளைகள், மாமாவும் இல்லை.

அப்பாவின் விருப்பம்: நஞ்சையைப் பிள்ளைகள் அனுபவிக்கலாம், விற்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வீடு அம்மா காலம் வரை அம்மாவுக்கு. மகளுக்குச் சீர் செய்தாயிற்று என்பதால் அவரிடம் ஒரு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே செட்டில்மெண்டில் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடலாம் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். சரியா?

பாளை வழக்கறிஞர்:

அண்ணாச்சி, எந்தப் பத்திரம் என்பதைக் கடைசியில் பார்ப்போம். எழுதிக் கொடுக்க அப்பா கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. புஞ்சையிலும் வீட்டிலும் சிக்கல் இல்லை, முழுக்க அவருடையது. நஞ்சை முழுவதும் அவருடையது அல்ல. பட்டா அவர் பெயரில் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அது உரிமையை உண்டாக்காது. 80-களில் யுடிஆர் வேலை நடந்தபோது நிலத்தில் நின்று பயிர் செய்தவர் பெயரை ஏற்றிவிட்டுப் போன இடங்கள் நம் பக்கம் ஏராளம். அப்போது விடுபட்டவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகிப் போன பெண்கள்.

தாத்தா கைக்கு அந்த வயல் எப்படி வந்தது என்று மூலப்பத்திரத்தைப் பாருங்கள். இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தாத்தா தன் காசில் வாங்கியது என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அவர் இறந்த அன்றே மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சமமாக இறங்கிவிட்டது. அப்பாவுக்கு 3-இல் 1 பங்குதான். அந்தப் பங்கு அவருடைய தனிச் சொத்து, அதில் அவர் பிள்ளைகளுக்கோ பேரன் பேத்திகளுக்கோ பிறப்புரிமை இல்லை. ‘தாத்தா சொத்து பேரனுக்கு’ என்று ஊரில் சொல்வது இந்த இடத்தில் செல்லாது. உச்ச நீதிமன்றம் 1986-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

தாத்தாவுக்கு அவர் தகப்பனார் வழியில் 1956-க்கு முன்பே இறங்கியது என்றால் அது பூர்வீகம், கணக்கு வேறு. 1971-இல் தாத்தாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டதுபோல் வைத்து ஆளுக்குப் பாதி. தாத்தாவின் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் 6-இல் 1 வீதம். அப்பாவின் பாதியில் அப்பா, இரண்டு மகன்கள், மகள் என நாலு பேருக்குச் சம உரிமை. மொத்தத்தை 24 பங்காக வைத்துப் பாருங்கள்:

அத்தைமார் இருவருக்கும் 4 + 4 = 8
பிள்ளைகள் மூவருக்கும் 3 + 3 + 3 = 9
அப்பாவுக்கு 3 + 4 = 7

அதாவது அப்பா தன் விருப்பப்படி எழுதக்கூடியது 24-இல் 7 மட்டும். இறந்துபோன மூத்த அத்தையின் 4 பங்கு அவருடைய நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1 வீதம்.

‘ஐம்பது வருஷமாக நாங்கள்தானே பயிர் செய்கிறோம்’ என்று நினைக்க வேண்டாம். கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘உனக்குப் பங்கில்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரிந்து, 12 ஆண்டு ஓடியிருந்தால்தான் பேச்சு. பொங்கல்படி வாங்கிக்கொண்டு நல்ல உறவாக இருக்கும் குடும்பத்தில் அதை நிரூபிக்கவே முடியாது.

மகள் விஷயம். சீர், நகை, ரொக்கம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அது பங்குக்கு ஈடாகாது. 2005 திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமையைப் பிறப்பிலிருந்தே கொடுக்கிறது, 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எப்போது கல்யாணம் ஆனது என்ற கேள்வியே இனி இல்லை. தப்புவது 20.12.2004-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை போன்றவை மட்டும்.

இன்னொரு தவறைத் தடுக்கத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கும்போது, அவர் கிரையம் வாங்கிய புஞ்சைக்கு மகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவது வீண். இன்றைக்கு மகளுக்கு அதில் எதுவும் இல்லை, பிற்காலத்தில் வரலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 6-இன் முதல் உட்பிரிவே அதுதான். பூர்வீக நஞ்சையில் உள்ள 24-இல் 3 பங்கை மகள் விடுதலை செய்யலாம், அது இன்றைக்கே அவருடையது. புஞ்சை மகளுக்கு வேண்டாம் என்றால் அப்பா உயிலோ செட்டில்மெண்டோ எழுதினால் போதும், மகளின் கையெழுத்து தேவையே இல்லை.

முக்கூடல் எழுத்தர்:

வக்கீல் அண்ணாச்சி சொன்ன வரிசைதான் சரி. அத்தைமார் விடுதலை முதலில். இளைய அத்தை ஒருவர், மூத்த அத்தையின் பிள்ளைகள் நாலு பேர், ஆக ஐந்து கையெழுத்து. நாலு பிள்ளைகளில் ஒருவர் விடுபட்டாலும் அந்தப் பங்கு தொங்கும். மூத்த அத்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் முதலில் எடுத்து வையுங்கள், வாரிசுச் சான்றுக்கு இ-சேவை வழியாகத் தாசில்தாருக்கு மனு. தாத்தாவுக்கும் அதேபோல் வேண்டும். 1971 இறப்பு பதிவாகாமல் இருந்தால் அதற்கே சில மாதம் போகும், இந்த வாரமே தொடங்குங்கள்.

செலவு. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை மூன்றுக்கும் வழிகாட்டி மதிப்பில் (நிலத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. முன்பு 25,000-மும் 4,000-மும் இருந்தது. 12 லட்சம் மதிப்புக்குத் தீர்வை 12,000, பதிவுக் கட்டணம் 10,000-உடன் நின்றுவிடும். பாகப்பிரிவினையில் இந்த வரம்பு பங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பேரன் பேத்தி ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருவார்கள். மருமகள் பெயரையும் சேர்த்து எழுத ஆசைப்பட்டால் அந்தப் பங்குக்குச் சலுகை போய்விடும், தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கு 2 சதவீதமும் ஆகிவிடும். இறந்த அத்தையின் பிள்ளைகள் மாமனுக்கு எழுதும் விடுதலைக்குச் சலுகை பொருந்துமா என்பதைப் பத்திரம் தயாரிக்கும் முன்பே சார்பதிவாளரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். முத்திரைத்தாள் வாங்கிய பிறகு கேட்டால் இரண்டு செலவு.

இனி வாசகம். ‘தான செட்டில்மெண்ட்’ என்று தலைப்புப் போட்டு, உள்ளே ‘எனது ஆயுட்காலம் வரை நானே சர்வ சுதந்திரமாய் அனுபவித்து, எனக்குப் பின் மேற்படியார் அடைய வேண்டியது’ என்று எழுதிய பத்திரங்கள் நம் தாலுகாக்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தலைப்பு எதுவானாலும் அது உயில். இன்றைய தேதியில் எதுவும் கைமாறவில்லை. எழுதியவர் நாளைக்கே வேறொரு பத்திரம் எழுதினால் முதல் பத்திரம் காகிதம். தீர்வை கட்டியதுதான் மிச்சம்.

செட்டில்மெண்டாகவே நிற்க வேண்டுமானால் வாசகம் இப்படிப் போக வேண்டும்: ‘கீழ்க்கண்ட சொத்தை இன்றைய தேதியிலேயே தங்களுக்கு உரிமை மாற்றிக் கொடுத்துவிட்டேன், நானும் என் மனைவியும் எங்கள் ஆயுட்காலம் வரை அதில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொள்கிறேன், தாங்களும் மேற்படி சொத்தை ஏற்றுக்கொண்டீர்கள்.’ உரிமை இன்று போகிறது, அனுபவம் மட்டும் நிற்கிறது. வாங்குபவர் ஏற்றுக்கொண்டார் என்ற வரியும் கட்டாயம் வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்பு நடக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்கு இந்த முறைதான் பொருந்தும்.

அதோடு பராமரிப்பு நிபந்தனை. ‘என்னையும் என் மனைவியையும் உணவு, உடை, மருத்துவம், இருப்பிடம் குறைவின்றிப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்’ என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ‘பெத்த பிள்ளைக்கு நிபந்தனையா’ என்பார்கள். எழுதித்தான் ஆக வேண்டும். செட்டில்மெண்டைக் கொடுத்தவர் பிறகு தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒன்றுதான் சுலபமான கதவு, கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்தப் பிரிவு பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்குத்தான். 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று இறுக்கமாகச் சொன்னது. 2025-இல் பெற்றோர் பக்கம் தாராளமாகப் பொருள் கொள்ளச் சொன்னது. தீர்ப்புகள் இப்படியும் அப்படியும் போகும்போது நாலு வார்த்தை எழுதி வைப்பதில் என்ன குறை?

நாசரேத்துக்காரர்:

இடையில் ஒரு கேள்வி. நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவர்கள். பூர்வீகப் பங்கு, 2005 திருத்தம் எல்லாம் எங்களுக்கும் உண்டா?

பாளை வழக்கறிஞர்:

இல்லை. உங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகம், பிறப்புரிமை என்ற பேச்சே அதில் கிடையாது, தகப்பனார் சொத்து முழுக்க அவருடையது. உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு 3-இல் 1, மீதி 3-இல் 2 மகன் மகள் எல்லோருக்கும் சமம். முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். உயிலில் இரண்டு இடத்தில் உங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். உயிலில் சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். உயில் எழுதியபின் கல்யாணம் அல்லது மறுமணம் செய்தால் பழைய உயில் தானாக ரத்து. இந்த இரண்டும் இந்துக்களுக்குக் கிடையாது. மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கமிருந்து யாராவது படித்தால்: முஸ்லிம்கள் உயிலால் 3-இல் 1 பங்குக்கு மேல் கொடுக்க வாரிசுகள் சம்மதம் வேண்டும், ஹிபா (தானம்) என்றால் அனுபவத்தையும் கையோடு ஒப்படைக்க வேண்டும்.

சங்கிலியும் கல்லும்:

நில அளவைப் பக்கம் மட்டும் சொல்கிறேன். பத்திரத்தை எழுதிப் பதிந்துவிட்டு அப்புறம் சர்வேயரைக் கூப்பிடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள்.

உங்கள் பத்திரத்தில் 1 ஏக்கர் 62 செண்டு. பட்டாவில் அநேகமாக 0.65.50 என்று இருக்கும். அதை 0 ஹெக்டேர் 65.50 ஏர் என்று படிக்க வேண்டும். ஒரு ஏர் என்பது 2.47 செண்டு, ஆக 161.8 செண்டு. இந்தக் கால் செண்டு அரை செண்டு வித்தியாசம் மாற்றிக் கணக்கிடுவதில் வருவது, பயப்பட வேண்டாம். 5 செண்டு, 10 செண்டு குறைந்தால்தான் பக்கத்துச் சர்வே எண்ணுக்குப் போய்விட்டதா என்று எஃப்எம்பி எனும் புல வரைபடத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 54 செண்டு. பட்டாவில் அரை ஏர்க் கணக்கில் முழுமையாக்குவார்கள், எனவே 22.00, 22.00, 21.50 என்று விழும். மூன்றாமவர் ‘எனக்கு ஒரு செண்டு குறைகிறது’ என்று வருவார். பத்திரத்தில் செண்டும் ஏரும் இரண்டும் எழுதிவிட்டால் அந்தப் பேச்சு எழாது.

பழைய மூலப்பத்திரத்தில் செண்டுக் கணக்கே இருக்காது, ‘இத்தனை மரக்கால் விதைப்பாடு’ என்று, விதைக்கும் விதையின் அளவை வைத்து நிற்கும். அதை நேராகச் செண்டுக்கு மாற்றிப் புதுப் பத்திரத்தில் போடாதீர்கள். நாலு மாலும் (நான்கு பக்க எல்லை) பழைய சர்வே எண்ணும் வைத்து இன்றைய எண்ணோடு பொருத்துங்கள். யுடிஆரில் எண்ணும் உட்பிரிவும் மாறியிருக்கும்.

எப்படி வெட்டுவது என்பதுதான் முக்கியம். கால்வாய்ப் பாசன வயலில் மடை ஒரு தலைப்பில்தான் இருக்கும். குறுக்கே மூன்று துண்டு போட்டால் முதல் துண்டுக்காரர் தண்ணீர் விட்டால்தான் மூன்றாவது துண்டுக்குப் பாயும். பிசானத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேவைப்படும்போது தகராறு அங்கேதான் பிறக்கும். நெடுக்கே மூன்று பட்டையாக, ஒவ்வொன்றும் வாய்க்காலைத் தொடும்படி வெட்டுவது நல்லது. ஆனால் வயல் அகலம் குறைவாக இருந்தால் பட்டை ஒடுங்கி, அறுவடை எந்திரம் திரும்ப இடம் இருக்காது. அப்படியென்றால் குறுக்கே வெட்டி, ஓரத்தில் பொதுவாய்க்காலும் அதை ஒட்டி 10 அல்லது 12 அடிப் பாதையும் விட்டு, அந்த இரண்டையும் தனி ஷெட்யூலில் மூவருக்கும் பொதுவாகக் காட்டுங்கள். ‘மாமூல் வழிநடை பாத்தியம், நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் சகிதம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அகலமும் திசையும் எழுதாமல் விட்டால் அந்த வரியால் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை.

புஞ்சையில் கிணறு. 85 செண்டைப் பிரித்தால் கிணறு யார் துண்டில் விழுந்தாலும், கிணறு, மோட்டார், பம்பு செட் அறை, குழாய் போகும் வழி, மின் இணைப்பு எண் ஐந்தையும் பெயர் சொல்லி எழுதி, ஆளுக்கு எத்தனை பங்கு, எந்த முறை வைத்து இறைப்பு என்று குறிக்க வேண்டும். இலவச இணைப்பு ஒன்றுதான், மூன்றாகாது. என் அபிப்பிராயம், அந்தப் புஞ்சையைப் பிரிக்கவே வேண்டாம். ஒருவருக்கே முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு வேறிடத்தில் சரிக்கட்டுங்கள்.

கன்னடியன்கால்:

எல்லோருக்கும் நன்றி. மூலப்பத்திரம் பார்த்தாயிற்று, நஞ்சை தாத்தாவின் தகப்பனார் காலத்திலிருந்து வருவது. ஆக 24 பங்குக் கணக்குத்தான். அத்தைமார் வீட்டில் விடுதலைக்குச் சம்மதம், அவரவர் பங்குக்குத் தொகை கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். இன்னும் மூன்று சந்தேகம். ‘விற்கக் கூடாது’ என்று எழுதலாமா? மைனர் பேரப்பிள்ளைகள் பெயரில் நேராக எழுதலாமா? இங்கிலாந்தில் இருக்கும் தம்பிக்கு எப்படி?

பாளை வழக்கறிஞர்:

தொகை கொடுத்தால் அதை விடுதலைப் பத்திரத்திலேயே காட்டுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள். ‘தொகை ஏதுமின்றி’ என்று எழுதிவிட்டுக் கையில் ரொக்கம் கொடுத்தால், பிறகு ‘ஏமாற்றி வாங்கினார்கள்’ என்று வழக்கு வரும்போது உங்கள் பக்கம் ஆதாரம் இருக்காது.

விற்கக் கூடாது என்ற நிபந்தனை: முழு உரிமையையும் கொடுத்துவிட்டு ‘விற்கக் கூடாது’ என்று எழுதினால் அந்த வரி மட்டும் செல்லாது, கொடை செல்லும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 10-ஆம் பிரிவு. அப்பா நினைப்பது நடக்க வேண்டுமானால் உரிமையையே இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: மகனுக்கு ஆயுட்கால அனுபவம், அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கு முழு உரிமை. மகன் விற்றாலும் வாங்கியவருக்கு மகன் உயிர் உள்ளவரைதான். இது சட்டப்படி நிற்கும். இனிமேல் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளையும் சேர்க்கலாம், ஆனால் பிறக்காதவருக்கு மிச்சமிருக்கும் உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும். ‘பேரனுக்கு ஆயுள் வரை, பின் பேரன் பிள்ளைகளுக்கு’ என்று இன்னும் ஒரு படி நீட்டினால், பேரன் இன்றைக்குப் பிறந்திராதபட்சத்தில் அது விழுந்துவிடும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அப்பாவிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். ஆயுள் உரிமை மட்டும் உள்ள மூத்த மகனுக்கு அந்த வயலை அடமானம் வைத்து டிராக்டர் கடன் கிடைக்காது. பிள்ளைக்கு மருத்துவச் செலவு என்றாலும் விற்க முடியாது. வயலை நம்பி இருப்பவர் கையைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு இது. அவருடைய 24-இல் 3 பங்கு பிறப்பிலேயே அவருடையது, அதை அப்பா கட்டிப்போடவும் முடியாது. அதனால் வயல் முழுவதையும் இதில் கொண்டுவராமல், அப்பாவின் 7 பங்கும் அத்தைமாரிடம் வாங்கும் 8 பங்கும் மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு என்று வைத்தால் இரண்டு தலைமுறைக்கும் வழி இருக்கும்.

மைனர் பெயரில் எழுதலாம், தகப்பனார் காப்பாளராக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால் அந்தப் பிள்ளைக்கு 18 முடிந்து 3 ஆண்டு, அதாவது 21 வயது வரை அதை உடைக்க உரிமை உண்டு. அதனால்தான் மைனர் சொத்து என்றாலே வாங்குபவர் ஓடிவிடுகிறார்.

தம்பிக்கு: இது பலருக்கும் தெரியாமல் பத்திரம் போட்டுவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டில் வசிப்பவர், அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்ஆர்ஐ. என்ஆர்ஐயும் ஓசிஐ அட்டைக்காரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) விவசாய நிலத்தை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசு முறையில் வந்தால் தடையில்லை, உயில் வழி வருவதும் அதில் சேரும். ஆகவே தம்பிக்கு நஞ்சையிலோ புஞ்சையிலோ அப்பா செட்டில்மெண்ட் எழுதக் கூடாது, உயில்தான் எழுத வேண்டும். பிறப்பால் அவருக்கு உள்ள 24-இல் 3 பங்குக்கு இந்தத் தடை கிடையாது. வீட்டில் பங்கு கொடுப்பதென்றால் செட்டில்மெண்டே போடலாம். பின்னால் அந்த வயலை அவர் விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

வரி பற்றியும் கேட்பீர்கள். இந்தியாவில் வாரிசு வரி 1985-லேயே போய்விட்டது, பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு வருமான வரியும் இல்லை. இங்கிலாந்தின் வாரிசு வரி இறந்தவர் எங்கே வசித்தார், சொத்து எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து வருவது, வாங்குபவர் அங்கே இருப்பதால் மட்டும் வராது. ஊரிலேயே வாழ்ந்த அப்பாவின் வயலுக்கு அங்கே வரி கிடையாது. தம்பி அங்கேயே நிலைத்துவிட்டு அவருடைய காலத்துக்குப் பின் என்றால் கதை வேறு. 10 ஆண்டுக்கு மேல் அங்கே வசித்தவர்களுக்கு உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் கணக்கில் எடுக்கும் முறை 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது. அதை அவர் அங்குள்ள ஆலோசகரிடம் இப்போதே பேசி வைக்கட்டும்.

முக்கூடல் எழுத்தர்:

தம்பி பாகப்பிரிவினைக்கு நேரில் வர முடியாவிட்டால் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பவர் (தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம். அவர் பகுதிக்கான இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும், அல்லது அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அந்நாட்டு அரசு தரும் சான்று) பெற வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உறை வந்த தேதியைக் குறித்து வையுங்கள். பவரில் சர்வே எண், பங்கு, ‘பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய’ என்ற வார்த்தை எல்லாம் இருக்க வேண்டும். பொதுப்படையாக ‘என் சொத்துகளை நிர்வகிக்க’ என்று வந்த பவரைச் சார்பதிவாளர் திருப்பிவிடுவார்.

உயிலுக்கு இரண்டு சாட்சி. அப்பா வயதுக்காரர்களைப் போடாதீர்கள், அவரைவிட 20, 25 வயது இளையவர்களாக, இதே ஊரில் இருக்கக்கூடியவர்களாகப் பாருங்கள். உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் நின்று ‘அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், அவர் முன்னால் நானும் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள். அப்பாவால் ஆபீசுக்கு வர முடியாவிட்டால் மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார்.

பதிந்த உயில் வில்லங்கச் சான்றில் வராது, அது மூன்றாம் புத்தகம், அதாவது உயில்களுக்கான தனிப் பதிவேடு. அப்பா இருக்கும்வரை அவரைத் தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. ஆகவே எந்தச் சார்பதிவகம், எந்த ஆண்டு, என்ன எண் என்பதை அம்மாவிடமும் மகளிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள். ‘இதில் சொல்லாத, இனி நான் சேர்க்கும் சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு’ என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும். வங்கி டெபாசிட்டும் சொசைட்டிப் பங்குத்தொகையும் அந்த வரிக்குள் அடங்கிவிடும்.

சங்கிலியும் கல்லும்:

வேலை வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றுகள், 1975 முதல் ஆன்லைனில் கிடைக்கும் வில்லங்கம், அதற்கு முந்தையதைச் சார்பதிவகத்தில் மனுப்போட்டு. அடுத்து அத்தைமார் விடுதலை. அது பதிந்தபின் நில அளவு, கல் ஊன்றி, வரைபடத்தில் அப்பாவும் பிள்ளைகள் மூவரும் கையெழுத்து. அதன் பிறகு அப்பா, மூன்று பிள்ளைகள் சேர்ந்து பாகப்பிரிவினை. அப்பாவின் பங்குக்கும் புஞ்சைக்கும் உயில், வீட்டுக்குச் செட்டில்மெண்ட். பாகம் பதியும்போதே உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம் போய்விடுகிறதா என்று ரசீதில் பாருங்கள். பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது சர்வேயரை அழையுங்கள். நாற்று நட்டபின் சங்கிலி பிடிக்க வயலுக்குள் இறங்க முடியாது, அடுத்த கார் முடியும் வரை காத்துக் கிடக்க வேண்டிவரும்.